கிடாரம் எங்களுக்கு, மூடி அவர்களுக்கு

ஜேர்மனியில் எங்கள் ஊர்ச் சங்கம் நான்கு வருடங்களுக்கு முன் இரண்டாக உடைந்தபோது, பொதுச் சாமான்களைப் பிரித்த பட்டியலை எழுதியது நான்தான். அப்போது லிஃப்ட் திருத்தும் தொழிற்பயிற்சியின் கடைசி வருடத்தில் இருந்தேன். பட்டியல் போடச் சொன்னால் போட்டுவிடுவேன். ஏன் என்று கேட்பதில்லை. நூறு பேருக்குச் சோறு அவிக்கும் கிடாரம் எங்கள் பக்கம், அதன் மூடி அவர்கள் பக்கம். ஒலிபெருக்கிப் பெட்டி எங்களுக்கு, மைக் அவர்களுக்கு. மழைக்குப் போடும் பெரிய பந்தலின் இரும்புச் சட்டம் எங்களுக்கு, மேல்துணி அவர்களுக்கு. கயிறு இழுக்கும் வடம் அவர்களுக்கு. அதற்கு ஈடாக எங்களுக்குச் சாக்கோட்டத்துக்கான சாக்குகள் பன்னிரண்டு. இரண்டு தலைவர்களும் வாசித்துப் பார்த்து, நியாயமான பங்கீடு என்று கையெழுத்துப் போட்டார்கள்.

ஒரு தலைவர் என் அப்பா. மற்றவர் சித்தப்பா, அம்மாவின் தங்கச்சியான சின்னம்மாவின் புருஷன்.

உடைந்த காரணம் வெளியாட்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். கோடைகால ஒன்றுகூடலில் பரிசளிப்பைச் சாப்பாட்டுக்கு முன் வைப்பதா, பின் வைப்பதா என்பதுதான் பிரச்சினை. பசியோடு நிற்கிறவன் கைதட்டமாட்டான் என்றார் அப்பா. சாப்பிட்டவன் வீட்டுக்குப் போய்விடுவான் என்றார் சித்தப்பா. இதில் இருவர் சொன்னதும் சரி. ஆனால் சித்தப்பா, மைக் வேலை செய்கிறது என்பதை மறந்து, "சிலபேர் சாப்பாட்டுக்குத்தானே சங்கம் நடத்துறவை" என்று சொல்லிவிட்டார். அது எசன் நகரத்துப் பூங்கா முழுக்கக் கேட்டது. அடுத்த மாதம் எங்கள் பக்கம் 'சங்கம்' ஆகவும், அவர்கள் பக்கம் 'ஒன்றியம்' ஆகவும் பதிவாகின.

அதன்பிறகு நாங்கள் கிடாரத்தை அலுமினியத் தாளால் மூடிச் சமைத்தோம். அவர்கள் எங்கள் மூடியைக் கவிழ்த்து வைத்து அதில் வடை அடுக்கினார்கள் என்று கேள்வி. புதிதாக ஒரு மூடி வாங்கலாம் என்று யாராவது சொன்னால், "எங்கட மூடி இருக்கேக்க ஏன் புதுசு?" என்பார் அப்பா. வாங்கினால் பழையதை விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

இதில் உண்மையாக நட்டப்பட்டவர் அம்மா.

அம்மா ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்கிறார். வீட்டிலும் வேலையிலும் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வருடத்தில் ஒரே ஒரு நாள், கயிறு இழுக்கும்போது மட்டும், வடத்தின் முதல் ஆளாக நின்று கத்துவார். கடைசி ஆள் சின்னம்மா. அந்த இரண்டு பேருக்கும் நடுவில் யாரை நிறுத்தினாலும் அந்த அணி தோற்றதில்லை. உடைவுக்குப் பிறகு எங்கள் பக்கம் கயிறு இழுக்கும் பெண்கள் எட்டுப் பேர் இருந்தோம், வடம் இல்லை. அவர்களிடம் வடம் இருந்தது, பெண்கள் ஏழு பேர். அம்மா மூன்று கோடையாகச் சாக்குக்குள் நின்று துள்ளினார். துள்ளும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

அக்காவும் தங்கச்சியும் தினமும் பஸ்ஸில் இருந்து போனில் கதைத்தார்கள். புருஷன்மாருக்கு அது தெரியாது என்று இவர்களும், தங்களுக்குத் தெரியாது என்று புருஷன்மாரும் நடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த வருடம் பங்குனியில் செய்தி வந்தது: ரொறன்ரோவில் இருக்கும் சின்னம்மாவின் மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள். சின்னம்மா புரட்டாதியில் போகிறார், ஆறு மாதத்துக்கு. எங்கள் ஆட்கள் பேரப்பிள்ளை பார்க்கப் போகிற ஆறு மாதம் எத்தனை வருடம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கு அம்மா உடுப்பு அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "போக முதல் ஒருக்கா அவளோட நிண்டு கயிறு இழுத்தாப் போதும்."

வேலையில் வாடிக்கையாளர் ஒரு தேவையைச் சொன்னால் அதை எழுதிவைக்கப் பழக்கியிருக்கிறார்கள். எழுதிவைத்தேன்.

அடுத்த வாரம் அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, இந்த முறை பார்க் வேண்டாம். காட்டுப் பக்கமா, ரெண்டு இரவு கூடாரம் அடிச்சுத் தங்கிற மாதிரி ஓர் இடம் பார். அன்ட்ராக் படிவத்தை நீயே நிரப்பிப் போட்டு விடு. சித்தப்பா ஆக்களுக்கு மூச்சு விடாத."

"ஓம் அப்பா."

மூன்றாம் நாள் சித்தப்பா போன் பண்ணினார். "மகள், நீதானே ஜேர்மன் படிவம் வடிவா நிரப்பிறனி. எங்களுக்கும் ஓர் இடம் எடுத்துத் தாறியே? காடு, கூடாரம், கிரில். கொப்பருக்குத் தெரிய வேண்டாம்."

"ஓம் சித்தப்பா."

இரண்டு பேரிடமும் நான் பொய் சொல்லவில்லை. கேட்டதைச் செய்தேன்.

எசனில் இருந்து ஒன்றரை மணி நேரம் தெற்கே, மலைக்காட்டுக்குள் ஒரு பழைய இரும்பாலையின் இடிபாடு இருக்கிறது. மரக்கரி போட்டு இரும்பு உருக்கிய ஊதுலையின் கல் அடித்தளம், நீர்ச்சக்கரம் சுழன்ற குழி, கூரையில்லாத ஒரு சுவர், அதற்குள் வளர்ந்த வெள்ளைப் பட்டைப் பூர்ச்ச மரங்கள். பள்ளத்தாக்கில் கூடாரம் அடிக்கப் புல்வெளி. கூரை போட்ட கிரில் குடில்கள் இரண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஊதுலை. ஆவணியில் ஒரு வார இறுதிக்கு இரண்டு குடில்களும் காலியாக இருந்தன. இரண்டு விண்ணப்பங்களையும் ஒரே இருப்பில் அனுப்பினேன். பிறகு என் பட்டியலைச் சரிபார்த்தேன். இரண்டு பக்கத்து ஆட்களும், ஆம். ஒரே இடம், ஒரே நாள், ஆம். வடம், வரும். நாற்பது மீற்றர் சமதரை, ஊதுலைக்கு முன்னால் இருந்தது. கசடு கொட்டி நிரவிய பழைய மேடு, இப்போது நல்ல புல். எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். பட்டியலில் ஒன்று விடுபட்டிருந்தது. அது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பாவின் வேன் ஏற்கனவே நின்றது. அப்பா காரை விட்டு இறங்காமல் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவைக்கு ஆர் சொன்னது?"

"நல்ல இடம் அப்பா. ஆருக்கும் பிடிக்கும்" என்றேன்.

"வேவு பாக்கினம்" என்றார் அப்பா. அங்கே சித்தப்பாவும் அதே வார்த்தையைச் சொன்னாராம்.

நான் ஓட்டமாய் அலுவலகக் குடிலுக்குப் போனேன். இடத்தின் பொறுப்பாளர் அறுபது வயதுப் பெண்மணி. காட்டுப் பச்சைச் சட்டை, கழுத்தில் சாவிக்கொத்து. என் இரண்டு விண்ணப்பங்களையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தார். இரண்டிலும் தொடர்பாளர் என்ற இடத்தில் என் பெயர்.

"எண்பத்தாறு பேர். ஒரே குழு என்று எழுதிவிடவா?" என்று ஜேர்மன் மொழியில் கேட்டார்.

"தயவுசெய்து இரண்டு குழுவாகவே வையுங்கள். பெயரையும் சத்தமாக வாசிக்க வேண்டாம்."

அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான்" என்றார். வேறு எதுவும் கேட்காமல் இரண்டு சாவிகளைத் தந்தார்.

சற்று நேரத்தில் மழை தூறியது. எங்கள் ஆட்கள் பந்தலின் இரும்புச் சட்டத்தைப் பூட்டி, அதற்குக் கீழே குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். முப்பதடி கீழே, ஒன்றியத்து ஆண்கள் நான்கு பேர் மேல்துணியின் நான்கு மூலைகளையும் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் தேங்கிய தண்ணீரை ஐந்தாவது ஆள் தும்புத்தடியால் தட்டினார். இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தைப் பார்க்கவில்லை. பொறுப்பாளர் அம்மா தன் நாயோடு அந்த வழியால் போனார். சட்டத்தைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஊதுலையைப் பற்றிய தகவல் பலகையை மிகவும் அக்கறையாக வாசித்தேன்.

ஊதுலைதான் எல்லை என்று யாரும் சொல்லாமலே ஆகிவிட்டது. ஆண்கள் அதைத் தாண்டவில்லை. ஆனால் கழிப்பறை கீழ்ப்பக்கம், குடிதண்ணீர்க் குழாய் மேல்பக்கம். இந்த விபரம் விண்ணப்பப் படிவத்தின் இரண்டாம் பக்கத்து வரைபடத்தில் தெளிவாகவே இருந்தது. பெண்கள் வாளியோடும் துவாயோடும் போய்வந்தார்கள். தண்ணீருக்கு வந்த சின்னம்மா அரை மணி நேரம் வாளி நிரப்பினார். பக்கத்தில் அம்மா, ஏற்கனவே கழுவிய கீரையைத் திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை பதினொரு மணியில் இருந்து ஒரு மணி வரை விளையாட்டுத் தரை எங்களுடையது. "எங்களுடையது" என்பது யார் என்று தலைவர்கள் நேரில் கதைக்கமாட்டார்கள். ஆளுக்கொரு தூதுவர் போய்வந்து, முதல் மணி சங்கத்துக்கு, இரண்டாவது மணி ஒன்றியத்துக்கு என்று முடிவானது. முதல் மணியில் நாங்கள் கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடும் தேசிக்காய் ஓட்டமும் சாக்கோட்டமும் வைத்தோம். அம்மா சாக்கோட்டத்துக்கு வரவில்லை. கால் நோகுது என்றார்.

பன்னிரண்டு அடித்ததும் ஒன்றியம் வடத்தைக் கொண்டுவந்து புல்லில் போட்டது. நான் அருகே போய்ப் பார்த்தேன், தொழிற்பழக்கம். சணல் வடம், கைக்கு நிறைந்த மொத்தம், நிலவறை வாசம், இரண்டு இடத்தில் இழை கிளம்பியிருந்தது. லிஃப்டில் இப்படி ஒரு கம்பிவடத்தைக் கண்டால் உடனே ஆளிறக்கிப் பூட்டிவிடுவேன். ஆன்ரிமாரைத் தாங்க இது போதும் என்று நினைத்தேன். அதுவும் பிழையான கணக்கு என்று சற்று நேரத்தில் தெரிந்தது, ஆனால் வடம் அறவில்லை.

அவர்களின் ஏழு பெண்களும் வடத்தைச் சுற்றி நின்று மூன்றும் நாலுமாகப் பிரிவது எப்படி என்று யோசித்தார்கள். அப்போது ஒன்றியத்து அண்ணை ஒருவர், மேல்பக்கம் கேட்கும்படியாக, "எதிரில ஆக்கள் இருந்தாத்தானே இழுக்கலாம். சிலபேருக்குச் சாக்குத்தானே பழக்கம்" என்றார்.

அப்பா இருந்த கதிரை பின்னால் விழுந்தது.

"ஆக்கள் இருக்கினம்! எட்டுப் பேர்! வரட்டும்!"

நான்கு வருடத்தில் முதல் தடவையாக அப்பா ஊதுலையைத் தாண்டினார். சித்தப்பாவும் எழும்பி வந்தார். ஏழுக்கு எட்டு நியாயமில்லை என்று நான் விலகிக்கொண்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வடத்தின் நடுவில் கைக்குட்டை கட்டினார்கள், ஆளுக்கொரு முடிச்சு. திட்டம் வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

எங்கள் பெண்கள் வடத்தைப் பிடித்தார்கள். அம்மா முதல் ஆள். எதிரில் ஒன்றியத்துப் பெண்கள். அவர்களில் கடைசி ஆள் சின்னம்மா.

அப்போதுதான் விளங்கியது. சங்கமும் ஒன்றியமும் மோதினால் அக்கா ஒரு முனையில், தங்கச்சி மறு முனையில். அம்மா சொன்னது "அவளோட நிண்டு". நான் எழுதிவைத்தது "கயிறு இழுத்தல்". என் பட்டியலில் இடமும் நாளும் வடமும் தரையும் இருந்தன, அணி இல்லை. மூன்று வருடம் படித்து, மூன்று வருடம் வேலை செய்து, நான் அம்மாவை அவர் தங்கச்சிக்கு எதிராகக் கட்டியிருந்தேன்.

அம்மா வடத்தைப் பார்த்தார். நீளம் முழுக்கப் பார்த்துக்கொண்டே போய்ச் சின்னம்மாவில் நிறுத்தினார். அப்பா கையைத் தூக்கி, "தயாரோ?" என்றார்.

அம்மா வடத்தைக் கீழே போட்டார்.

"என்ன?" என்றார் அப்பா.

அம்மா நடந்தார். கைக்குட்டையைத் தாண்டி, ஒன்றியத்து ஏழு பேரையும் ஒவ்வொருவராகக் கடந்து, சின்னம்மாவுக்கு முன்னால் போய் வடத்தைப் பிடித்தார்.

"இஞ்சேரும், அது அவையின்ர பக்கம்!"

"என்ர தங்கச்சியின்ர பக்கம்" என்றார் அம்மா. "நான் இவளோடதான் இழுப்பன். நீங்கள் சங்கத்தை நடத்துங்கோ."

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்தது, அதை இருமலாக்கினார். "நீங்கள் என்ன சிரிக்கிறியள்?" என்று சின்னம்மா அவரைப் பார்த்துக் கேட்டதும் இருமலும் நின்றுவிட்டது.

"இப்ப ஆறுக்கு எட்டு" என்று எங்கள் பக்கத்து அக்கா ஒருவர் முறைப்பாடு வைத்தார். "அக்கா போனா நாங்கள் என்னத்தை இழுக்கிறது? நானும் அங்க வாறன்." அவரும் போனார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் கலியாணம் முடித்த எல்லாப் பெண்களும் ஒரே முனையில் நெருக்கியடித்து நின்றார்கள். எதிர் முனையில் முடிக்காத நான்கு பேர் காற்றில் நின்றார்கள்.

"இதுதான் சரி!" என்று சின்னம்மா கத்தினார். "கலியாணம் முடிச்சவை இஞ்சால, முடிக்காதவை அங்கால. சங்கம் கிங்கம் எல்லாம் பேந்து பாப்பம். அங்க ஊதுலைக்குப் பின்னால போன் நோண்டுற குமருகளையும் கூப்பிடுங்கோ!"

குமருகள் வந்தார்கள். நகத்துக்குப் பூச்சு, நல்ல சப்பாத்து, பாதிப்பேர் உடற்பயிற்சி நிலையத்தில் பாரம் தூக்குகிறவர்கள். ஒன்றியத்து முனையில் நின்ற முடிக்காத ஒருத்தியும் மாறி வந்தாள். என்னையும் இழுத்து முன்னால் விட்டார்கள்; நான்தான் மூத்தவள். ஒன்பதுக்கு ஒன்பது. அம்மா பழையபடி தன் அணியின் முன்னுக்கு வந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு முடிச்சுப் போட்ட கைக்குட்டை மட்டும்.

அந்த முனையில் சின்னம்மா வடத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சின்னம்மா, சுத்தாதேங்கோ! ஆபத்து! கையால மட்டும் பிடியுங்கோ!"

"உன்ர லிஃப்டில போய்ச் சொல்லு!"

"சுத்தினா நான் இழுக்கமாட்டன்."

முணுமுணுத்துக்கொண்டு கழற்றினார். அதற்குள் அம்மா குரலைத் தாழ்த்தி என்னைக் கேட்டார்:

"ரெண்டு அன்ட்ராக்கும் நீதானே போட்டனி?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். அம்மாவின் முகம் ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

"ஓம் அம்மா."

"கொப்பருக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"அப்ப வாயைப் பொத்திக்கொண்டு இழு."

அப்பா கையை இறக்கினார். அம்மா கத்தினார். அந்தச் சத்தத்தை நான்கு வருடம் எங்கே வைத்திருந்தார் என்று தெரியவில்லை. ஒரு "ஹோ", பின்னால் ஒன்பது பேரின் குதிகால்கள் புல்லில் இறங்கின, இன்னொரு "ஹோ", நாங்கள் போய்விட்டோம். பாரம் தூக்குகிறவர்கள் என்ன, நகப்பூச்சு என்ன, எல்லோரும் ஒரு குவியலாக. பொறியியல் விளக்கம் என்னிடம் இருக்கிறது: நாங்கள் ஒன்பது பேரும் ஒன்பது நேரத்தில் இழுத்தோம், அவர்கள் ஒரே நேரத்தில் இழுத்தார்கள். குவியலுக்கு அடியில் கிடந்தபடி இதை என் அணிக்கு எடுத்துச் சொன்னேன். இரண்டாவது சுற்றில் நாங்களும் ஒரே நேரத்தில் இழுத்தோம். ஏழு வினாடி அதிகமாகத் தாக்குப்பிடித்தோம்.

"ரெண்டில ரெண்டு! முடிஞ்சுது!" என்றார் அப்பா. "கலியாணம் முடிச்சவை வெற்றி."

சித்தப்பா மைக்கைத் தூக்கி அதையே திரும்பச் சொன்னார். பெட்டி எங்களிடம் இருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. அப்பா அவரைப் பார்த்து, "கத்திச் சொல்லும் தம்பி, ஒண்டும் கேக்கேல்லை" என்றார். சித்தப்பா கத்திச் சொன்னார். பிறகு அவர்கள் இருவரும் பரிசளிப்பு எப்போது என்று மெதுவாகத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சு போகிற போக்கு எனக்கு நல்லதாகப் படவில்லை, ஆனால் இம்முறை இருவரும் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள்.

எல்லோரும் சோற்றுப் பக்கம் திரும்பினார்கள். நான் உள்ளங்கையைப் பார்த்தேன்: கொப்புளம் மூன்று, ஒன்று உடைந்தது. நிமிர்ந்தபோது அம்மா அதே இடத்தில் வடத்தைப் பிடித்தபடி நின்றார். வடத்தின் கடைசியில் சின்னம்மாவும் நின்றார். நடுவில் ஆட்கள் கலைந்து போயிருந்தார்கள். வடம் இருவருக்கும் இடையில் தொய்வில்லாமல் இருந்தது.

"இன்னொருக்கா" என்றார் அம்மா.

"முடிஞ்சுதே, அம்மா. வென்றிட்டியள்."

"இன்னொருக்கா எண்டு சொல்றன்."

"சோறு ஆறுது!" என்று அப்பா அங்கிருந்து கூப்பிட்டார்.

"ஆறட்டும்" என்று அக்காவும் தங்கச்சியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

சின்னம்மா குனிந்து சேலையைத் தூக்கிச் செருகினார். கண்ணைப் புறங்கையால் துடைத்துவிட்டு, "வியர்வை" என்றார், யாரும் கேட்காமலே. போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து வடத்தைப் பிடித்தார்கள், கையில் கறி ஒட்டியிருந்த ஒருவர் உட்பட. பொறுப்பாளர் அம்மா நாயை ஒரு மரத்தில் கட்டிவிட்டு வந்து, தான் மணமுடித்துப் பிரிந்தவள், எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று கேட்டார். நாங்கள் ஒன்பது பேரும் ஒரே குரலில் எங்கள் பக்கம் கூப்பிட்டோம்.

பத்துப் பேரானோம். நான் முன்னால் போய் நின்று, உடைந்த கொப்புளத்தின் மேல் வடத்தை வைத்தேன். எதிரில் அம்மா தலையைத் திருப்பி, நீளம் முழுக்கக் கடைசிவரை பார்த்தார். சின்னம்மா தலையாட்டினார்.

அப்பா கையைத் தூக்கினார். அவர் இறக்கும்வரை அம்மா காத்திருக்கவில்லை. விதிப்படி அது பிழை. அந்தச் சுற்றைத் திரும்ப நடத்தவேண்டும். சொல்லியிருப்பேன். வாய் நிறையப் புல் இருந்தது.